அரைஞாண் கயிறும் மூக்குக் கண்ணாடியும்

வாசகர் கேள்வி – பதில்

(மதுரையில் ஒரு கண்ணாடிக் கடையில், பிரேமை முகத்துக்குப் பொருத்திக் கொடுக்கும் பிட்டிங் மேசையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கண்ணாடிக் கயிறு பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான்.)

என் வீட்டுக்காரர் பம்பு செட் மெக்கானிக். கிணற்று மேட்டில் குனிந்து வேலை பார்க்கும்போது கண்ணாடி நழுவி விழுந்துவிடுகிறது. இந்த வருடம் மட்டும் இரண்டு கண்ணாடி கிணற்றோடு போயிற்று. கடையில் ரெடிமேடாக ஒரு கயிறு வாங்கி மாட்டினோம். அதன் ரப்பர் வளையம் இரண்டே மாதத்தில் பிய்ந்துவிட்டது. வீட்டிலேயே உறுதியாக ஒன்று செய்துகொள்ள முடியுமா?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

முடியும் தங்கச்சி. கடைக் கயிற்றைவிட நன்றாகவே உழைக்கும். ஆனால் கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அவரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகக் குனியச் சொல்லி, ‘இல்லை’ என்பதுபோல் தலையை இரண்டு முறை ஆட்டச் சொல்லுங்கள். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியது பிரேம். காதில் மாட்டும் பகுதியைக் கடையில் நாங்கள் சைடு என்போம். காதின் மேல்விளிம்பைத் தாண்டியவுடனே அந்த சைடு கீழே வளைய வேண்டும். பலருக்கு வளைவு ஒரு விரல் தள்ளித் தொடங்குகிறது. அந்த ஒரு விரல் அளவுக்குக் கண்ணாடி முன்னால் சரிந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் பிரேம் என்றால் சூடுகாட்டி வளைவை முன்னுக்குக் கொண்டுவர ஒரு பிட்டருக்கு ஐந்து நிமிடம் போதும். கண்ணாடி வாங்கிய கடையிலேயே கேளுங்கள், செய்து கொடுப்பார்கள். வீட்டில் கேஸ் அடுப்பில் காட்டி வளைக்கப் பார்க்காதீர்கள். லென்ஸின் மேல் இருக்கும் பூச்சு சூடு தாங்காமல் மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும். அப்புறம் லென்ஸையே மாற்ற வேண்டியதுதான். பைக் டேங்கின் மேல் வெயிலில் கழற்றி வைத்தாலும் இதே கதிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சைடின் உள்பக்கம் பொடி எழுத்தில் 52, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேல் உட்காரும் நடு இடைவெளி, மூன்றாவது சைடின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில். எந்தக் கண்ணாடி அவருக்கு ஆடாமல் உட்கார்ந்ததோ அதன் எண்களை எழுதி வைத்துக்கொண்டு அடுத்ததை வாங்குங்கள்.

சரி, கயிறுக்கு வருவோம். நான் கைவைத்துப் பார்த்த கயிறுகளில் முதல் இடம் அரைஞாண் கயிறுக்குத்தான். பிள்ளைகளுக்குக் கட்டும் அதே கறுப்புக் கயிறு, மெல்லிய ரகம். பருத்தியில் முறுக்கியது என்பதால் வியர்வையில் கழுத்தை அறுக்காது, முடிச்சும் வழுக்காது. வாங்கிய அன்றே தண்ணீரில் ஊறப்போட்டுச் சாயம் போகிறவரை அலசிவிடுங்கள். இல்லாவிட்டால் சட்டைக் காலரில் கறுப்புக் கோடு விழும். நைலான் கயிறு பலமானது, ஆனால் வியர்த்த தோலில் உரசி உரசிப் புண்ணாக்கும். பாவாடை நாடா தட்டையாக இருப்பதால் புரண்டுகொண்டே இருக்கும்.

அடுத்தது வால்டியூப், அதாவது சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய். சைக்கிள் கடையில் கேட்டால் ஒரு முழம் வெட்டிக் கொடுப்பார்கள், சில ரூபாய்தான். உங்கள் ரெடிமேட் கயிற்றின் வளையம் பிய்ந்ததற்குக் காரணம் தேங்காயெண்ணெய் என்றே நினைக்கிறேன். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வழிந்து இறங்குகிற இடம் காதுக்குப் பின்னால்தான். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பலமிழந்துவிடும். வால்டியூபும் ரப்பர்தான், அதுவும் ஒருநாள் போகும். ஆனால் கடைக் கயிற்றில் வளையம் போனால் கயிறே போயிற்று. நாம் செய்வதில் விரற்கடைத் துண்டு ஒன்றை மாற்றினால் மறுபடி புதுசு.

அளவு எடுப்பது இப்படி. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காரட்டும். கயிற்றின் ஒரு முனையை வலது சைடின் நுனியில் பிடித்து, பிடரியைச் சுற்றி இடது சைடின் நுனிவரை கொண்டுவாருங்கள். கயிறுக்கும் பிடரிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையட்டும். என் தலைக்கு இது 28 சென்டிமீட்டர் வந்தது. இரண்டு பக்கமும் பத்துப் பத்து சேர்த்து 48 சென்டிமீட்டராக வெட்டினேன். வெட்டிய முனை பிரியாமலிருக்கத் தையல் நூலால் பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றி முடிந்துவிடுங்கள். நைலான் என்றால் நெருப்பில் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தியை அப்படிக் காட்டினால் எரிந்துதான் போகும்.

வால்டியூபில் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டுங்கள். கயிற்று முனையை மடக்கி, மடக்கிய இரட்டைக் கயிறு துண்டுக்குள் நுழைந்து மறுபக்கம் ஒரு சிறு வளையமாக வெளியே வர வேண்டும். கையால் தள்ளினால் நுழையாது. மெல்லிய செம்புக் கம்பியை இரண்டாக மடித்து டியூபுக்குள் விட்டு, அதன் காதில் கயிற்றைக் கோத்து இழுங்கள், சுலபமாக வந்துவிடும். இப்போது வளையம் சைடில் ஏறும். டியூபைத் தள்ளினால் இறுகும், பின்னுக்கு இழுத்தால் தளரும். வளையத்தைச் சற்றுப் பெரிதாக விட்டு, சைடைச் சுற்றி இரண்டு சுற்றாகப் போட்டு இறுக்குங்கள். ஒரு சுற்று மட்டும் போட்டால் வழவழப்பான பிளாஸ்டிக்கில் நழுவிவிடும். எந்த இடத்தில் இறுக்குவது என்பதும் முக்கியம். பெரும்பாலான பிளாஸ்டிக் சைடு நுனியில் கொஞ்சம் அகன்று, துடுப்பு மாதிரி இருக்கும். அந்த அகலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் சுருக்கு உட்கார வேண்டும். அகலமே தடுப்பாக நிற்கும்.

இனி சொல்வதை அவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அவர் வேலை பார்ப்பது ஓடுகிற பெல்ட், புல்லி, மோட்டார் பக்கத்தில். கழுத்தில் நீளமாகத் தொங்கும் கயிறு அங்கே ஆகவே ஆகாது. அதனால்தான் பிடரியோடு ஒட்டிய குட்டைக் கயிறாகச் சொன்னேன். அத்தோடு, ஒரு பக்க வளையத்தின் வால்முனையை (மடக்கியபின் டியூபுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி) மட்டும் கயிற்றோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். மறுபக்கத்தின் வால்முனையில் முடிச்சும் வேண்டாம், தையலும் வேண்டாம். டியூபின் பிடி மட்டும் இருக்கட்டும். கண்ணாடியின் எடை முப்பது கிராம் சுற்றித்தான். அதைத் தாங்க அந்தப் பிடி போதும். வேறு எதிலாவது மாட்டி வெடுக்கென்று இழுத்தால் வால்முனை டியூபை விட்டு உருவிக்கொண்டு வந்துவிட வேண்டும். கண்ணாடி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

செய்து முடித்ததும் கட்டிலின் மேல் நின்று சோதியுங்கள். குனிந்து, கண்ணாடியைக் கையால் முன்னுக்குத் தட்டிவிட்டால் அது தாடைக்குக் கீழே தொங்க வேண்டும், படுக்கையில் விழக்கூடாது. அடுத்து கயிற்றை ஒரு கையால் பிடித்துப் பலமாக இழுத்தால் ஒரு பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் நடந்தால் அவர் கிணற்று மேட்டுக்குப் போகலாம்.

என் மகனுக்கு ஐந்து வயது. ஒரு கண்ணில் பார்வை குறைவு. நாள் முழுக்கக் கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பள்ளியில் ஓடும்போது விழுந்துவிடுகிறது. கயிறு கட்டி அனுப்பச் சொல்கிறார் டீச்சர். கட்டலாமா?
— வாசகி, விருத்தாசலம்

கழுத்தில் தொங்குகிற கயிறு வேண்டாம் அம்மா. ஊஞ்சல் கொக்கி, ஜன்னல் கம்பி, சறுக்குமரத்தின் திருகாணி, எதில் வேண்டுமானாலும் மாட்டும். அந்த வயதுப் பிள்ளைக்குத் தானே விடுவித்துக்கொள்ளத் தெரியாது.

ஆனால் கண்ணாடி அவன் முகத்தில் இருந்தே ஆக வேண்டும். சோம்பேறிக் கண் என்று சொல்வார்களே, அந்தக் கண்ணுக்கு மூளை பார்க்கக் கற்றுக்கொள்வது இந்தச் சின்ன வயதில்தான். எட்டு வயதைத் தாண்டினால் ஒவ்வொரு வருடமும் கடினமாகிக்கொண்டே போகும். கழற்றிப் பையில் வைத்துவிட்டு விளையாடட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நான் பல குழந்தைகளுக்குச் செய்து கொடுத்தது பனியன் துணிப் பட்டை. பழைய பனியனைக் குறுக்குவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் அது தானாகச் சுருண்டு மெத்தென்ற கயிறாக மாறும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், எலாஸ்டிக் மாதிரி முடியைப் பிடித்து இழுக்காது. அளவு தலையின் பின்பக்க நடுவில் படிகிற மாதிரி இருக்கட்டும், கழுத்துக்கு இறங்க வேண்டாம். இரண்டு முனையிலும் சைடு நுழைகிற அளவுக்கு வளையம் மடித்து, ஒற்றை நூலில் நாலே தையல் போடுங்கள். கெட்டியாகத் தைக்க வேண்டும் என்று உங்கள் கை போகும், போகவிடாதீர்கள். எதிலாவது மாட்டினால் அந்த நூல் அறுந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் ஒற்றை நூல். சோதனைக்கு நீங்களே ஒரு முறை இழுத்து அறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தைத்து மாட்டுங்கள். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும், மதியத் தூக்கமானாலும் சரி.

கடையில் காதைச் சுற்றிக் கொக்கி மாதிரி வளைகிற சைடு வைத்த குழந்தைப் பிரேம் கிடைக்கும். அடுத்த முறை அதைக் கேளுங்கள். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். அடிபட்டால் லேசில் உடையாது.

எங்கள் தாத்தா புட்டிக் கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் கயிறு கட்டிப் போட்டிருப்பார். அந்தக் காலத்துக் கிழவர்கள் பலரை அப்படிப் பார்த்திருக்கிறேன். இப்போது யாரையும் காணோமே, ஏன்?
— வாசகர், தேனி

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவும் அப்படிப் போட்டிருந்தவர்.

உங்கள் தாத்தாவுக்குக் கண்புரை அறுவை நடந்திருக்கும். அப்போதெல்லாம் புரை விழுந்த லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு உள்ளே எதுவும் வைக்கமாட்டார்கள். கண்ணுக்குள் இல்லாத லென்ஸின் வேலையையும் சேர்த்து வெளியே இருக்கிற கண்ணாடி செய்ய வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பத்து பிளஸ் பவரை ஒட்டிய லென்ஸ் தேவைப்படும். நடுவில் புடைத்த கண்ணாடிக் கட்டி அது. சோடா புட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்ததால்தான் சோடாபுட்டி என்று பெயரே வந்தது. எடை முழுவதும் முன்னால் இருக்கும், சைடில் ஒன்றும் இருக்காது. குனிந்தால் சரிந்துவிடும். கயிறு இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யவே முடியாது.

அப்பா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் தச்சு வேலை செய்தவர். 1983ல் ஒரு கண் முகாமில் அவருக்குப் புரை எடுத்தார்கள். கண்ணாடி வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்து முழக்கோலைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார். மறுபடி நேரே கொண்டுவந்தார். “கோலு வளைஞ்சிருக்குடா” என்றார். கோல் நேராகத்தான் இருந்தது. அந்தப் பவர் லென்ஸில் நடுவில் பார்த்தால்தான் நேர்கோடு நேராகத் தெரியும், ஓரத்துக்குப் போகப் போக வளையும். எல்லாம் கால் பங்குக்குமேல் பெரிதாகவும் தெரியும். படி பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் காலை வைத்தால் அது தள்ளி இருக்கும். நாற்பது வருடம் கண்மட்டத்திலேயே பலகையை இழைத்தவருக்கு, எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமென்றாலும் தலையையே திருப்பிப் பார்க்கும் பழக்கம் வர ஆறு மாதம் ஆயிற்று. அப்புறம் மறுபடி உளி பிடித்தார்.

ஒருநாள் தண்ணீர் இறைக்கக் கிணற்றை எட்டிப் பார்த்தார். கண்ணாடி உள்ளே போயிற்று. புதுக் கண்ணாடி கைக்கு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் திண்ணையை விட்டு இறங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் எது சோறு, எது காய் என்று விரலால் தொட்டுப் பார்த்துச் சாப்பிட்டார். புதிது வந்த அன்று அம்மா என் தங்கை மகனுக்காக வாங்கி வைத்திருந்த அரைஞாண் கயிற்றை எடுத்தாள். அப்பாவைச் சுவரோரம் உட்காரவைத்து, இரண்டு சைடின் நுனியிலும் சுருக்குப் போட்டு, பிடரியில் பூமுடிச்சாக முடிந்தாள். இறுக்கமா, இறுக்கமா என்று கேட்டுக்கொண்டே இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினாள். நான் பார்த்த முதல் கண்ணாடிக் கயிறு அதுதான். மூன்று வருடம் கழித்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது கிழவர்கள் வந்து நின்றால் சைடு நுனியைத்தான் முதலில் பார்ப்பேன். கயிறு இல்லையென்றால் நானே கட்டி அனுப்புவேன். அதற்காக மேசை டிராயரில் எப்போதும் ஒரு கண்டு கயிறு வைத்திருந்தேன்.

இப்போது காணோமே என்கிறீர்கள். காணாமல் போனது நல்லதற்குத்தான். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைப்பதை லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் 1949லேயே செய்துகாட்டிவிட்டார். ஆனால் அந்த லென்ஸின் விலை நம் ஊர் ஏழைக்கு எட்ட நாற்பது வருடத்துக்குமேல் ஆயிற்று. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதைச் சேர்ந்த அரோலேப் 1992ல் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது. இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு லென்ஸ் கிடைத்தது. என் மேசைக்கு வந்த புட்டிக் கண்ணாடிகள் வருடத்துக்கு வருடம் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. அப்பாவுக்கு அந்தக் காலம் வாய்க்கவில்லை.

மூக்குக் கண்ணாடிக்கு முதன்முதலில் கயிறு கட்டியது யார்?
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

முதலில் வந்தது கயிறுதான், சைடு பிறகுதான் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி பிறந்தபோது அதற்கு சைடே கிடையாது. மூக்கில் கவ்வவிட்டோ கையில் பிடித்தோ பார்த்தார்கள். பின்னால் ஸ்பெயின்காரர்கள் பட்டு நூலை இரண்டு பக்கமும் கட்டிக் காதில் மாட்டிக்கொண்டார்கள். எல் கிரேக்கோ 1600 வாக்கில் வரைந்த ஒரு கார்டினலின் ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வட்டக் கண்ணாடியிலிருந்து காதுக்குப் போகும் நூலைப் பார்க்கலாம். சீனாவில் காதைச் சுற்றிக் கட்டாமல், நூலின் முனையில் சிறு எடைகளைக் கட்டிக் காதுக்குப் பின்னால் தொங்கவிட்டார்கள். எடையே கண்ணாடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. முடிச்சு இல்லை, இறுக்கம் இல்லை. காதில் நிற்கும் விறைப்பான சைடு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். லண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் என்பவர் 1730ஐ ஒட்டி விற்றிருக்கிறார்.

நம் பக்கம் என்றால், விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் காலத்தில் வாழ்ந்த மத்வ குரு வியாசதீர்த்தர் கண்ணாடி வைத்துப் படித்ததாக ‘வியாசயோகி சரிதம்’ சொல்கிறது.

வாசிக்கும் கண்ணாடியைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறேன். எங்கள் அம்மாவின் பழைய முத்துமாலையைக் கண்ணாடிச் செயினாக்கிக்கொள்ளலாம் என்று ஆசை. செய்யலாமா?
— வாசகி, காரைக்குடி

அம்மாவின் மாலை என்பதால் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மாலை முழுவதையும் மாட்டினால் எடை சைடு நுனியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடி மூக்கிலிருந்து தூக்கிக்கொள்ளும், கீல் திருகாணியும் சீக்கிரம் தளரும். அதனால் முத்துகளைக் கோர்வையிலிருந்து எடுத்து, அரைச் சாண் இடைவெளிக்கு ஒன்றாக ஐந்தாறு மட்டும் மெல்லிய பருத்திக் கயிற்றில் கோத்து, ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் முடிச்சிட்டு நிறுத்துங்கள். மிச்ச முத்து பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும். உங்களுக்குக் கயிறு நெஞ்சுவரை தொங்க வேண்டும் என்பதால் 70 சென்டிமீட்டர் தேவை. சைடில் மாட்ட முதல் பதிலில் சொன்ன வால்டியூப் முறையே போதும். கிரைண்டர் முன்னாலும் அடுப்பின் முன்னாலும் குனியும்போது மட்டும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுங்கள். ஆணி எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும், தேடுகிற வேலையும் போய்விடும்.

நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறேன். வலை இழுக்கும்போது கண்ணாடி தண்ணீரில் விழுந்தால் கயிறு அறுந்து மூழ்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், பாம்பன்

அண்ணே, கயிற்றோடு ஒரு மிதவையும் சேர்த்துக் கட்டுங்கள். பயப்படுகிற அளவுக்கு எடை இல்லை. முப்பது கிராம் பிளாஸ்டிக் கண்ணாடி, தண்ணீருக்குள் ஏழெட்டு கிராம் எடை மாதிரித்தான் இழுக்கும். பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம் என்பதால் மீதி எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். பாட்டிலை அடைக்கும் ஒரு கார்க் பத்து கிராமுக்குமேல் தூக்கும். கார்க்குக்குள் சூடான ஊசியால் நெடுக்குவாட்டில் துளைபோட்டுக் கயிற்றைக் கோத்து, பிடரிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுங்கள். உங்கள் வலையின் சின்ன மிதவை ஒன்று இருந்தால் அது இன்னும் நல்லது. உலோக பிரேம் என்றால் எடை கூடும், இரண்டு மிதவை வேண்டியிருக்கும். எதுவானாலும் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வாளியில் மிதந்தால் கடலில் இன்னும் நன்றாகவே மிதக்கும், உப்புத் தண்ணீர் கூடுதலாகத் தூக்கும்.

உங்களுக்கு அரைஞாண் கயிறு சரிப்படாது, உப்பு ஏறி விறைத்துவிடும். வலை பின்னும் நைலான் நூலை மூன்று புரியாகப் பின்னிக்கொள்ளுங்கள். கழுத்தில் படும் இடத்துக்கு மட்டும் பழைய பனியன் துணி சுற்றித் தையுங்கள். இழுக்கிற வலையில் கயிறு மாட்டினால் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்பதால், ஒரு பக்கம் விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு உங்களுக்கு எல்லோரையும்விட அவசியம். கரைக்கு வந்ததும் கண்ணாடியை நல்ல தண்ணீரில் அலசி, கீல் திருகாணியைத் துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு தங்கினால் திருகாணி துருப்பிடித்து அப்படியே இறுகிவிடும். அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முடிச்சு விஷயத்தில் நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நனைந்த நைலானில் இறுகியே நிற்கும், ஆனால் வால்முனையைச் சுண்டினால் அவிழும் முடிச்சு ஒன்று உங்கள் ஊரில் போடுவார்கள் என்று என் மேசைக்கு வந்த ஒரு பெரியவர் காட்டினார். இரண்டு முறை காட்டியும் என் கையில் அது நிற்கவில்லை. தெரிந்தால் ஒரு துண்டு நூலில் போட்டு, தபாலில் அனுப்பிவையுங்கள்.